நைரோபி பங்குச் சந்தையில் வெளியாள் பணம் போட்டால்

திருச்சியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: "என் மச்சான் நைரோபியில் வேலை பார்க்கிறார். அங்கே சஃபாரிகாம் என்ற தொலைபேசிக் கம்பெனியின் பங்கு வருடத்துக்கு 8 சதவீதம் டிவிடெண்ட் தருகிறதாம். என் கையில் 5 லட்சம் ரூபாய் இருக்கிறது. கென்யக் குடியுரிமை இல்லாத நான் அங்கே பங்கு வாங்க முடியுமா? வாங்கினால் பணத்தைத் திரும்ப எடுக்க முடியுமா?"

வாங்க முடியும், திரும்ப எடுக்கவும் முடியும். ஆனால் வாங்குவது ஒரு வாரத்து வேலை. எடுப்பது எத்தனை வாரம் என்பதும், எடுக்கும்போது ரூபாயில் எவ்வளவு தேறும் என்பதும்தான் உண்மையான கேள்விகள். நான் நைரோபியில் ஒரு தொழிற்சாலையில் ஒன்பது வருடம் கணக்கு பார்த்துவிட்டுக் கோயம்புத்தூர் திரும்பியவன். சம்பளத்தில் மிச்சம் பிடித்ததை அந்தச் சந்தையில் போட்டேன். ஊர் திரும்பிய பிறகும் கொஞ்சம் அங்கேயே கிடக்கிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் அந்த 8 சதவீத டிவிடெண்ட், அதாவது கம்பெனி தன் லாபத்திலிருந்து பங்குதாரருக்குத் தரும் பணம். சஃபாரிகாமின் நிதியாண்டு மார்ச் 31-ல் முடியும். 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கும் அது பங்குக்கு 1.20 கென்ய ஷில்லிங்தான் கொடுத்தது. பங்கின் விலை 15 ஷில்லிங் இருந்தபோது அது 8 சதவீதம். விலை 24 ஆனால் 5 சதவீதம், 30 ஆனால் 4. 2025-ல் விலை வேகமாக ஏறிவிட்டது. மச்சான் சொல்வது பொய் இல்லை, அவர் வாங்கிய விலைக்கு அது சரி. நீங்கள் வாங்கும் விலைக்கு நீங்கள்தான் வகுத்துப் பார்க்க வேண்டும். அதிலும் வெளிநாட்டவருக்கு 15 சதவீதம் வரி பிடித்துவிட்டுத்தான் தருவார்கள். உள்ளூர்க்காரருக்கு 5 சதவீதம்தான். ஆகவே 1.20 என்பது உங்கள் கைக்கு 1.02.

சரி, டிவிடெண்டை விடுங்கள், விலை ஏறுமே என்பீர்கள். அதற்கு ஒரு பழைய கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன்.

2008-ல் கென்ய அரசு தன் கையிலிருந்த பங்கிலிருந்து சஃபாரிகாமின் 25 சதவீதத்தைப் பொதுமக்களுக்கு விற்றது. மொத்தம் 1,000 கோடி பங்குகள். உள்ளூர்க்காரருக்கு விலை 5 ஷில்லிங், வெளிநாட்டவருக்கு 5.50. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பம் போட்டார்கள். ஆட்டை மாட்டை விற்றும், வங்கியில் கடன் வாங்கியும் போட்டவர்களின் கதைகளை நான் போன புதிதில் அலுவலக டிரைவர்கள்கூடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நீங்கள் அப்போது 10,000 பங்கு வாங்கியிருந்தால் 55,000 ஷில்லிங். அன்றைக்கு டாலருக்குச் சுமார் 62 ஷில்லிங். ஆக, கிட்டத்தட்ட 890 டாலர்.

அடுத்த வருடமே விலை 3 ஷில்லிங்குக்குக் கீழே போனது. பொறுமையாக இருந்தவர்களுக்கு 2021 ஆகஸ்டில் 44 ஷில்லிங்குக்கு வந்தது. அன்று விற்றிருந்தால் 4.4 லட்சம் ஷில்லிங். டாலருக்கு 109 வீதம் 4,000 டாலருக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் விற்காமல் 2024 ஜனவரி வரை உட்கார்ந்திருந்தால்? விலை 13, 14-க்கு இறங்கியிருந்தது. டாலரோ 160 ஷில்லிங்கைத் தொட்டிருந்தது. 10,000 பங்குக்கு 1.35 லட்சம் ஷில்லிங், அதாவது சுமார் 840 டாலர். ஷில்லிங்கில் பார்த்தால் போட்டது இரண்டரை மடங்கு. டாலரில் பார்த்தால் பதினைந்து வருடம் கழித்தும் 50 டாலர் நஷ்டம்.

இதை ரூபாயில் பார்த்தால் இன்னொரு வேடிக்கை. 2008-ல் போட்டது சுமார் 38,000 ரூபாய். 2024-ல் கையில் சுமார் 70,000. ஆகா, இருமடங்கு! ஆனால் அது சஃபாரிகாம் சம்பாதித்துக் கொடுத்தது இல்லை, இடையில் ரூபாய் டாலருக்கு 42-லிருந்து 83-க்குத் தேய்ந்ததால் வந்த வீக்கம். அதே 38,000-ஐ ஏழரை சதவீத வட்டியில் வைப்புநிதியாகப் போட்டிருந்தால் ஒரு லட்சத்தைத் தாண்டியிருக்கும்.

நியாயமாகச் சொல்வதென்றால், இந்தக் கணக்கில் டிவிடெண்டைச் சேர்க்கவில்லை. அந்தப் பதினைந்து வருடத்தில் சஃபாரிகாம் கொடுத்த டிவிடெண்ட், 2008-ல் கொடுத்த விலையைவிட அதிகம். வீட்டுக்கு வந்து சேர்ந்தது அதுதான். என் ஒன்பது வருட அனுபவமும் இதையே சொல்கிறது: இந்தச் சந்தையில் வெளியாளுக்குக் கடைசியில் மிஞ்சுவது டிவிடெண்ட். விலையில் வரும் லாபத்தை, சரியான நேரத்தில் இறங்காவிட்டால் ஷில்லிங் தின்றுவிடும்.

இப்போது சந்தையைப் பற்றிக் கொஞ்சம். நைரோபி பங்குச் சந்தை 1954-ல் தொடங்கியது. அதையும் அங்கே என்.எஸ்.இ. என்றுதான் சொல்வார்கள். மும்பையில் இருப்பதற்கும் இதற்கும் அந்த மூன்று எழுத்தைத் தவிர வேறு சம்பந்தம் இல்லை. பங்குக்குச் சுவாஹிலியில் ஹிசா என்று பெயர். இந்தியில் ஹிஸ்ஸா என்பார்களே, அதே அரபு வேர். பட்டியலில் இருப்பது அறுபது சொச்சம் கம்பெனிகள்தான். அவர்கள் நேரப்படி காலை ஒன்பதரைக்குத் தொடங்கி மூன்று மணிக்கு வியாபாரம் முடியும். நமக்கு அது பகல் 12 முதல் மாலை 5.30 வரை. ஒரு நாளில் ஒரு பங்கின் விலை 10 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ விடமாட்டார்கள். முன்பு ஒரே நேரத்தில் குறைந்தது 100 பங்கு வாங்க வேண்டும் என்றிருந்தது. 2025-ல் அதை நீக்கி, ஒற்றைப் பங்குகூட வாங்கலாம் என்றாக்கிவிட்டார்கள்.

இந்தச் சந்தைக்கும் பொற்காலம் இருந்தது. 1994 பிப்ரவரியில் 20 கம்பெனிக் குறியீடு 5,030-ஐத் தொட்டது. அந்தக் காலத்தில் டாலர் கணக்கில் உலகிலேயே அதிக லாபம் கொடுத்த சந்தை என்று உலக வங்கிக் குழுமத்தின் ஐ.எஃப்.சி. இதைச் சொன்னது. 2007 ஜனவரியில் அதே குறியீடு 6,161 வரை போனது. 2023 முடியும்போது எவ்வளவு தெரியுமா? சுமார் 1,500. முப்பது வருடத்துக்கு முன்பு இருந்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 20 கம்பெனிக் குறியீடு வெறும் விலையை வைத்துக் கணக்கிடப்படுவது, சஃபாரிகாமின் எடை அதில் சரியாகத் தெரியாது என்று சமாதானம் சொல்லலாம். அனைத்துப் பங்குக் குறியீட்டைப் பார்த்தால் இவ்வளவு மோசமில்லை, 2024-லும் 2025-லும் அது நன்றாகவே ஏறியது. ஆனாலும் "நீண்ட நாள் வைத்திருந்தால் தானாக ஏறும்" என்று நம்மூர் சந்தையைப் பார்த்துப் பழகிய நம்பிக்கையை அங்கே கொண்டு போகாதீர்கள்.

ஏன் இப்படி? சந்தையின் மொத்த மதிப்பில் சஃபாரிகாம் மட்டுமே சில காலம் பாதிக்கும் மேல் இருந்திருக்கிறது. மீதியில் பெரும்பகுதி ஈக்விட்டி, கே.சி.பி., கோ-ஆப்பரேட்டிவ் போன்ற வங்கிகளும் ஈஸ்ட் ஆஃப்ரிக்கன் புருவரீஸ் என்ற பீர் கம்பெனியும்தான். லண்டனிலும் நியூயார்க்கிலும் இருக்கும் வெளிநாட்டு நிதிகள் இந்த நாலைந்து பங்குகளில்தான் குவிந்திருக்கும், மற்றவற்றில் அவர்களுக்குப் போதுமான சரக்கு கிடைக்காது. 2022, 2023-ல் அமெரிக்கா வட்டியை ஏற்றியதும் அந்த நிதிகள் ஒரே வாசலில் வெளியேறப் பார்த்தன. சஃபாரிகாம் கைப்பேசி வழிப் பணப் பரிமாற்றச் சேவையான எம்-பெசாவில் சம்பாதித்துக்கொண்டுதான் இருந்தது, எத்தியோப்பியாவில் புதிதாகத் தொடங்கிய தொழிலில் நஷ்டம் என்பது தனிக் கதை. ஆனால் விலை அவ்வளவு விழுந்ததற்குக் கம்பெனியின் லாபநஷ்டம் மட்டும் காரணமில்லை, வாங்க ஆளில்லாததும் காரணம். உள்ளூர்க்காரர் வாங்கியிருக்கலாமே என்றால், அவர் ஏன் வாங்க வேண்டும்? அரசு கடன் பத்திரமே 16 சதவீதத்துக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தது. 2024 பிப்ரவரியில் எட்டரை வருட உள்கட்டமைப்புப் பத்திரம் ஒன்றை 18.46 சதவீத வட்டிக்கு விட்டார்கள், அதுவும் வரியில்லாமல். சும்மா உட்கார்ந்தபடி பதினெட்டு வட்டி வரும்போது பங்குச் சந்தைப் பக்கம் யார் வருவார்கள்?

அதே பிப்ரவரியில் கென்யா 150 கோடி டாலருக்குப் புதிய யூரோபாண்ட், அதாவது வெளிநாட்டில் டாலரில் விற்கும் கடன் பத்திரம், விற்று, ஜூனில் கட்ட வேண்டியிருந்த பழைய கடனை அடைக்க வழி செய்துகொண்டது. வெளிநாட்டுப் பணமும் அந்தப் பதினெட்டு வட்டிக்கு ஆசைப்பட்டு உள்ளே வந்தது. 160-ல் இருந்த டாலர் சில மாதங்களில் 129-க்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. சரியாக ஜனவரியில் உள்ளே போன வெளிநாட்டவருக்கு நாணயத்தில் மட்டுமே 20 சதவீதத்துக்கு மேல் லாபம். ஜனவரியில் பயந்து வெளியேறியவருக்கு அதே அளவு அடி. இந்தச் சந்தையில் வெளியாள் வாங்குவது பங்கோடு சேர்த்து ஷில்லிங்கையும்.

பணத்தைத் திரும்பக் கொண்டுவரச் சட்டத் தடை உண்டா என்று கேட்டீர்கள். கிடையாது. கென்யா தன் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 1995-லேயே ரத்து செய்துவிட்டது. ஒரு கம்பெனியில் வெளிநாட்டவர் 75 சதவீதம்தான் வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பையும் 2015-ல் எடுத்துவிட்டார்கள். பட்டியலில் உள்ள பங்குகளை விற்று வரும் லாபத்துக்கு அங்கே மூலதன ஆதாய வரியும் இல்லை. காகிதத்தில் இதைவிடத் திறந்த சந்தை ஆப்பிரிக்காவில் குறைவு. ஆனால் சட்டம் அனுமதித்தாலும் வங்கியில் டாலர் இருக்க வேண்டுமே? 2023-ல் இறக்குமதிக்காரர்களே டாலருக்கு வங்கி வங்கியாக அலைந்தார்கள். அறிவிப்புப் பலகையில் ஒரு விலை, உண்மையில் கிடைக்கும் விலை வேறு. நான் அப்போது ஒரு சிறு தொகையைக் கொண்டுவர வங்கிக்கு எழுதினேன். "வரிசையில் வைத்திருக்கிறோம்" என்று பதில் வந்தது. பங்கு விற்ற பணம் மூன்று வேலை நாளில் கைக்கு வந்துவிட்டது, அது டாலராக மாற ஐந்து வாரம் ஆனது.

கணக்கு தொடங்குவது பற்றி. உங்கள் கைப்பேசியில் அமெரிக்கப் பங்கு வாங்கும் செயலி எதிலும் நைரோபி வராது. அங்குள்ள ஒரு தரகு நிறுவனத்தை நேரடியாகப் பிடிக்க வேண்டும். சந்தையைக் கண்காணிக்கும் மூலதனச் சந்தை ஆணையத்திடம் உரிமம் பெற்றவர்களின் பட்டியல் அந்த ஆணையத்தின் தளத்தில் இருக்கிறது, அதில் பெயர் இல்லாதவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் விலகிவிடுங்கள். தரகர் வழியாகத்தான் சி.டி.எஸ். கணக்கு திறக்கும். பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் நம்மூர் டீமேட் மாதிரிதான் அது. பாஸ்போர்ட் நகல், புகைப்படம், முகவரிச் சான்று, வங்கி விவரம் கேட்பார்கள். நகலில் நோட்டரி கையெழுத்தும் வேண்டும்.

இந்த இடத்தில் தமிழர்களுக்கென்றே ஒரு வம்பு உண்டு, கவனமாகப் படியுங்கள். நம்முடைய இனிஷியல். என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகக் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கிறது. ஊர் வங்கிக் கணக்கில் ஒற்றை எழுத்து இனிஷியல், அதுவும் பெயருக்குப் பின்னால். நைரோபி தரகர் அலுவலகத்தில் படிவம் நிரப்பிய பெண் அப்பா பெயரை முதலில் போட்டு, என் பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட்டார். அவர்கள் பழக்கப்படி அது சரிதான். நானும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். ஊர் திரும்பிய முதல் வருடம் டிவிடெண்டை இந்தியக் கணக்குக்கு அனுப்பச் சொன்னபோது, இங்குள்ள வங்கி பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பியது. போக வர இரண்டு பக்கமும் வங்கிக் கட்டணம். பிறகு ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி, கூரியரில் அனுப்பி, பழைய கையெழுத்தும் புதிய கையெழுத்தும் ஒத்துப்போகவில்லை என்று அது திரும்பி வந்து... மொத்தம் நான்கு மாதம். படிவம் போடும் அன்றே பாஸ்போர்ட், சி.டி.எஸ். கணக்கு, இந்திய வங்கி மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் இங்குள்ள வங்கியில் பெயரைத் திருத்துங்கள். கவனிக்காமல் விட்ட டிவிடெண்ட் சில வருடம் கழித்துக் கோரப்படாத நிதிச் சொத்துகளுக்கான ஆணையத்திடம் போய்விடும். திரும்ப வாங்கலாம், ஆனால் அது இன்னொரு படிவம், இன்னொரு நோட்டரி.

உங்கள் வேலையை எளிதாக்க மச்சான் பெயரிலேயே வாங்கிவிடலாமா என்று தோன்றும். வேண்டாம். உறவு கெடும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, அனுப்பும் பணத்துக்கும் வரும் பணத்துக்கும் இந்திய வரித்துறையிடம் உங்களால் கணக்குக் காட்ட முடியாது.

தரகர்களைப் பற்றி ஒரு பழைய பாடமும் உண்டு. சஃபாரிகாம் விற்பனைக்குச் சற்று முன், 2008 மார்ச்சில், நியாகா என்ற பெரிய தரகு நிறுவனத்தை ஆணையம் தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. வாடிக்கையாளர் பலரின் பங்குகள் அவர்களுக்குத் தெரியாமலே விற்கப்பட்டிருந்தன. அதற்கு முந்தைய வருடம் பிரான்சிஸ் துவோ நிறுவனம் விழுந்தது. அப்போது முதலீட்டாளர் இழப்பீட்டு நிதி ஒருவருக்கு அதிகபட்சம் 50,000 ஷில்லிங்தான் கொடுத்தது. அதன் பிறகு கண்காணிப்பு நிறையவே இறுகியிருக்கிறது. இருந்தாலும் தரகர் அனுப்பும் அறிக்கையை மட்டும் நம்பாமல், பங்குகளைக் காக்கும் சி.டி.எஸ்.சி. அமைப்பிடமிருந்தே அவ்வப்போது இருப்பு அறிக்கை வாங்கிப் பாருங்கள்.

அப்புறம், விற்பது. சஃபாரிகாம், பெரிய வங்கிகள் என்றால் கவலை இல்லை, உங்கள் 5 லட்சத்தை ஒரே நாளில் விற்றுவிடலாம். மற்றவற்றில்தான் மாட்டிக்கொள்வீர்கள். எனக்கு ஒரு தோட்டக் கம்பெனியின் மீது ஆசை வந்தது. நிலத்தின் மதிப்பைப் பார்த்தால் பங்கின் விலை சிரிப்பாக இருந்தது. 1,500 பங்கு சேர்க்க மூன்று வாரம் ஆனது, அப்போதே புத்தி வந்திருக்க வேண்டும். ஊர் திரும்பும் முன் விற்கப் போட்டேன். முதல் நாள் வாங்க ஒருவர் இருந்தார், 100 பங்குக்கு. அடுத்த நாள் யாருமில்லை. அதற்கடுத்த நாள் ஒருவர் வந்தார், என் விலைக்கு 9 சதவீதம் கீழே. தரகர் அலுவலகத்தில் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். வாங்குபவர் பக்கத்தில் ஒரே ஒரு வரி, விற்பவர் பக்கத்தில் என் பெயரில்லாத என் வரி, நடுவே ஒரு ஆறு ஓடும் அளவுக்கு இடைவெளி. விற்று முடிக்க ஏழு வாரம் ஆனது. விலை மலிவாக இருக்கிறது என்றால், அந்த விலையில் ஒரு நாளைக்கு எத்தனை பங்கு கை மாறுகிறது என்பதை முதலில் பாருங்கள். நாளொன்றுக்கு 300 பங்கு கை மாறும் இடத்தில் உங்களிடம் 3,000 இருந்தால் அங்கே விலையை நிர்ணயிப்பதே நீங்கள்தான், அதுவும் கீழ்நோக்கி.

சில நேரம் விற்கவே முடியாது. கென்யா ஏர்வேஸ் பங்கு வியாபாரத்தை 2020 ஜூலையில் நிறுத்தினார்கள். மறுபடி தொடங்கியது 2025 ஜனவரியில். நாலரை வருடம் உங்கள் பணம் இருக்கிறது, ஆனால் தொட முடியாது. அதற்கு முன்பே 2017-ல் கடனைப் பங்காக மாற்றியதில் சிறு பங்குதாரர்களின் பாகம் மிகவும் சுருங்கிப்போனது. மூமியாஸ் சர்க்கரை ஆலை 2019-ல் கடன் கொடுத்த வங்கியின் கைக்குப் போனது. உச்சூமி சூப்பர்மார்க்கெட் 2006-ல் மூடி, 2011-ல் மறுபடி சந்தைக்கு வந்து, மறுபடியும் விழுந்தது. நல்ல முடிவுகளும் உண்டு. 2019-ல் பிரான்சின் ரூபிஸ் நிறுவனம் கெனோல்கோபில் என்ற எரிபொருள் கம்பெனியின் பங்குகளை 23 ஷில்லிங் கொடுத்து வாங்கியது. 2023-ல் பிரிட்டனின் மதுபான நிறுவனமான டியாஜியோ 192 ஷில்லிங் கொடுத்து ஈஸ்ட் ஆஃப்ரிக்கன் புருவரீஸில் தன் பங்கை 65 சதவீதமாக்கிக்கொண்டது. 2024 இறுதியில் டான்சானியாவின் அம்சன்ஸ் குழுமம் பம்புரி சிமென்ட்டை 65 ஷில்லிங்குக்கு எடுத்தது. அந்த மாதிரி நாட்களில்தான் தூங்கிக்கொண்டிருந்த பங்குக்கு ஒரே நாளில் விலை கிடைக்கும். ஆனால் அப்படிப்பட்ட விலை வரும் என்று எதிர்பார்த்து வாங்குவது, லாட்டரிச் சீட்டை அலமாரியில் வைத்திருப்பது போலத்தான்.

அரசு ஒரே கையெழுத்தில் கணக்கை மாற்றிவிடும் ஆபத்தும் இருக்கிறது. 2016 ஆகஸ்டில் வங்கிகளின் கடன் வட்டி மத்திய வங்கியின் அடிப்படை விகிதத்துக்கு மேல் 4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற சட்டத்தில் அதிபர் கென்யாட்டா கையெழுத்திட்டார். வங்கிப் பங்குகள் அடுத்த சில நாட்களில் கடுமையாக விழுந்தன. வங்கிகளோ சிறு கடைக்காரருக்குக் கடன் கொடுப்பதையே குறைத்துவிட்டு அரசுப் பத்திரத்தில் பணத்தைப் போட்டன. 2019 நவம்பரில்தான் அந்தச் சட்டம் போனது. பக்கத்தில் உகாண்டாவில் இதைவிடத் தெளிவான உதாரணம்: உமேமே என்ற மின் விநியோகக் கம்பெனி. 20 வருட ஒப்பந்தத்தில் நடந்துவந்தது. கம்பாலாவிலும் நைரோபியிலும் பட்டியலிட்டிருந்தது, டிவிடெண்ட் அள்ளிக் கொடுத்தது. 2025 மார்ச் 31-ல் ஒப்பந்தம் முடிந்தது, அரசு நீட்டிக்கவில்லை. கொடுக்க வேண்டிய ஈட்டுத்தொகை எவ்வளவு என்று இரு தரப்புக்கும் பெரிய தகராறு. அந்த டிவிடெண்ட் சதவீதத்தைப் பார்த்து வாங்கியவர்கள் ஒப்பந்தம் முடியும் தேதியைப் பார்க்கவில்லை.

மற்ற சந்தைகளைப் பற்றிச் சுருக்கமாக. டார் எஸ் சலாமில் 2014-ல் வெளிநாட்டவருக்கான உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள், பட்டியலிட்ட கம்பெனி டிவிடெண்டுக்கு வரியும் 5 சதவீதம்தான். ஆனால் வியாபாரம் நைரோபியைவிட மெலிது. கம்பாலாவில் எம்.டி.என்., ஏர்டெல் என்ற இரண்டு தொலைபேசிக் கம்பெனிகளும் இருக்கின்றன. கிகாலியில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் கம்பெனிகள், அதில் பாங்க் ஆஃப் கிகாலியின் தாய்க் கம்பெனியை நைரோபியிலேயே வாங்கலாம். அடிஸ் அபாபாவில் 2025 ஜனவரியில்தான் சந்தையே திறந்தது. 5 லட்சத்துக்கு நைரோபியைத் தாண்டிப் போக வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

இனி நம் பக்கத்துக் கணக்கு. தனிநபர் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்ற ரிசர்வ் வங்கித் திட்டத்தின் கீழ் நீங்கள் அனுப்புவீர்கள். 10 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் மூலத்தில் வசூலிக்கும் 20 சதவீத வரி உங்களுக்கு வராது. பணமோசடித் தடுப்புக்கான சர்வதேச அமைப்பு 2024 பிப்ரவரியில் கென்யாவைத் தன் சாம்பல் பட்டியலில், அதாவது கூடுதலாகக் கண்காணிக்கும் நாடுகளின் பட்டியலில், சேர்த்தது. ஆகவே கிளையில் "கென்யாவா?" என்று இரண்டு தடவை கேட்பார்கள், காகிதமும் கூடுதலாகக் கேட்பார்கள். அங்கே கணக்கு தொடங்கும் முன்பே உங்கள் வங்கி அனுப்புமா என்று நேரில் போய் உறுதி செய்துகொள்ளுங்கள்.

டிவிடெண்ட் இங்கே உங்கள் வருமானத்தோடு சேர்ந்து உங்கள் வரி விகிதத்தில் வரி கட்ட வேண்டியது. இந்தியா-கென்யா வரி ஒப்பந்தப்படி டிவிடெண்டுக்குக் கென்யா 10 சதவீதம்தான் எடுக்கலாம். ஆனால் அதைக் கேட்டு வாங்க, நம் வரித்துறை தரும் வரி வசிப்பிடச் சான்றை முன்கூட்டியே கொடுக்க வேண்டும், சும்மா இருந்தால் 15 பிடித்துவிடுவார்கள். அங்கே கட்டியதை இங்கே கழிக்கத் தனிப் படிவம் உண்டு. விற்ற லாபத்துக்கு அங்கே வரி இல்லை என்றாலும் இங்கே உண்டு: 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் 12.5 சதவீதம். வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்ப மறக்காதீர்கள், நாலாயிரம் ரூபாய்ப் பங்காக இருந்தாலும் சரி. அது நிதியாண்டுப்படி இல்லாமல் ஜனவரி முதல் டிசம்பர் வரை கேட்கும். என் ஆடிட்டரே முதல் வருடம் அதில் தடுமாறினார்.

செலவுகளையும் கூட்டிப் பாருங்கள். ரூபாயை டாலராக்கும்போது வங்கி எடுப்பது ஒன்றரை சதவீதம், டாலரை ஷில்லிங்காக்கும்போது ஒன்று, தரகும் மற்ற கட்டணங்களும் சேர்ந்து சுமார் இரண்டு. திரும்பி வரும்போது இதே வழியில் இன்னொரு முறை. இரண்டு பக்கமும் வங்கிவழிப் பணமாற்றக் கட்டணம் தனி. எனக்கு ஆன கணக்கில் போக வர 9 சதவீதத்துக்கு மேல். அதாவது மச்சான் சொல்லும் 8 சதவீதமே கிடைத்தாலும், வரி போக முதல் வருட டிவிடெண்ட் முழுதும், இரண்டாவது வருடத்தில் பாதியும் வழிச்செலவுக்கே சரியாகிவிடும். ஐந்து வருடத்துக்குக் குறைவாக வைத்திருக்க நினைத்தால் இந்தப் பக்கமே வராதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை இருந்தால் நான் உங்கள் இடத்தில் என்ன செய்வேன் என்று சொல்கிறேன். 5 லட்சத்தையும் அனுப்ப மாட்டேன். ஒரு லட்சம் மட்டும் அனுப்பி வெள்ளோட்டம் பார்ப்பேன். சஃபாரிகாம் மே மாதத்தில் ஆண்டுக் கணக்கை அறிவிக்கும். இறுதி டிவிடெண்ட் யார் யாருக்கு என்று தீர்மானிக்கும் பதிவேட்டை ஜூலை கடைசியில் மூடும், பணம் ஆகஸ்ட் முடிவதற்குள் வரும். வாங்கிய பங்கு உங்கள் பெயருக்கு வர மூன்று வேலை நாள் ஆகும் என்பதால் ஜூலை முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். ஆகஸ்டில் அந்த டிவிடெண்ட் திருச்சியில் உங்கள் வங்கிக் கணக்கில், உங்கள் இனிஷியலோடு, சரியாக விழுகிறதா பாருங்கள். செப்டம்பரில் பாதிப் பங்கை விற்று அந்தப் பணத்தையும் ஊருக்குக் கொண்டுவாருங்கள். எத்தனை நாள் ஆனது, எத்தனை ரூபாய் குறைந்தது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். மீதி 4 லட்சத்தை அனுப்புவதா என்பதை அந்தத் தாளைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம். அதுவரை அது இங்கேயே வைப்புநிதியில் இருக்கட்டும்.